டாக்டர், இது ஆராய்ச்சியில் வந்ததா, அனுபவத்தில் வந்ததா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் மாலை நேர கிளினிக் நடத்துகிறேன். படித்தது மதுரை மருத்துவக் கல்லூரியில், தொழில் பழகியது பெரியாஸ்பத்திரி வார்டுகளில். இப்போதெல்லாம் நோயாளிகளோடு வரும் பிள்ளைகள் கையில் போனை வைத்துக்கொண்டு, "சார், ஆராய்ச்சியில இப்படிப் போட்டிருக்கு, நீங்க வேற மாதிரி எழுதுறீங்களே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதிப் பாதி இங்கே.

ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள் என்றால் எனக்கும் பலிக்கும் என்றுதானே அர்த்தம்?

இல்லை. உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருந்தால் அதில் சிலருக்குப் பலிக்கும் என்று அர்த்தம். அந்தச் சிலரில் நீங்கள் உண்டா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒரு கணக்கு பார்ப்போம். சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை வைத்துச் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என்று பெயர், 2006-இல் வெளியானது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 3 ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடை, உணவுக் கட்டுப்பாடு என்று தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு வந்தது. ஆக, 100 பேர் நடந்தால் 16 பேர் அந்த நடையால் தப்பிக்கிறார்கள். 39 பேருக்கு நடந்தும் வருகிறது. மீதி 45 பேர் நடக்காவிட்டாலும் அந்த 3 ஆண்டில் தப்பியிருப்பார்கள்.

"தினமும் நடந்தேன், ஆனாலும் சர்க்கரை வந்துருச்சே" என்று ஒருவர் என்னிடம் கோபப்பட்டார். அவர் அந்த 39-இல் ஒருவர். அவர் நடந்ததும் தவறில்லை, ஆய்வும் பொய்யில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இதே மாதிரி ஆய்வை அமெரிக்காவில் செய்து 2002-இல் வெளியிட்டபோது, வாழ்க்கைமுறை மாற்றத்தால் ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. நம் ஆட்களிடம் 28.5 சதவீதம்தான் (மேலே சொன்ன 55 என்பது 39 ஆகக் குறைந்ததைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்). ஆனால் சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை அங்கே ஒரு நாளைக்கு 1,700 மில்லிகிராம் கொடுத்து 31 சதவீதம் குறைந்தது, இங்கே வெறும் 500 கொடுத்தே 26 சதவீதம் குறைந்தது. வெளிநாட்டு எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே நட முடியாது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதாதா? எதற்குத் தனியாக ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும்?

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயம் அவ்வப்போது தாளம் தப்பும். தாளம் தப்புகிறவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பதும் தெரியும். அப்படியானால் தாளத்தைச் சரிசெய்யும் மாத்திரை உயிரைக் காக்கும், இல்லையா? 1980-களில் உலகம் முழுக்க அப்படித்தான் நம்பி எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை தாளத்தைச் சரியாக்கவும் செய்தது. கடைசியில் அமெரிக்காவில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். ஆய்வில் அந்த மாத்திரைகளைச் சோதித்த பகுதியை 1989-இலேயே நிறுத்திவிட்டார்கள்.

அந்த மாத்திரையை எழுதியவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. ஈசிஜி தாளில் கண்ணெதிரே நல்ல மாற்றம் தெரிந்தது, அதைப் பார்த்து நம்பினார்கள்.

மதுரைப் பக்கம் நடந்த ஆராய்ச்சி ஏதாவது உண்டா, இல்லை எல்லாம் வெளியூர்க் கதைதானா?

உண்டு. நம் வயலிலேயே உண்டு.

கதிர் அடிக்கும்போது நெல் சுணை கண்ணில் தெறிக்கும். அலங்காநல்லூர்ப் பக்கம் போனால் கரும்புத் தோகை கீறும். மாடு வாலை வீசும். கருவிழியில் சின்னக் கீறல், கண் கரகரவென்று உறுத்தும். வீட்டில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். "கண்ணுல பூ விழுந்துருச்சு" என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் அந்தப் புண் ஆறிய தழும்பைத்தான்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? மதுரை மாவட்டத்துக்கான கணக்கு 1996-இல் வெளியானது. ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 113 பேர். அதே கணக்கு அமெரிக்காவில் ஒரு பகுதியில் 11. பத்து மடங்கு! சரி, காரணம் என்ன? 1994-இல் மூன்று மாதத்தில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 பேரின் புண்ணைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். கிருமி வளர்ந்தவற்றில் ஏறக்குறைய பாதி பாக்டீரியா. மீதியில் பெரும்பகுதி பூஞ்சை, அதிலும் மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃபியூசேரியம் என்ற வகை. குளிர்நாட்டுப் பாடப்புத்தகம் கருவிழிப் புண் என்றதும் பாக்டீரியாவைத்தான் முதலில் நினைக்கச் சொல்லும். அதை மட்டும் படித்துவிட்டு இங்கே உட்கார்ந்தால் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தவறான சொட்டு மருந்து போகும்.

அடுத்த கேள்வி, பூஞ்சைக்கு எந்த மருந்து? நடாமைசின் பழைய மருந்து, கண்ணுக்குள் ஆழமாக ஊறாது என்று அதன் மேல் ஒரு குறை. வோரிகோனசோல் புதியது, நன்றாக ஊறும், ஆய்வகத் தட்டில் பூஞ்சையை நன்றாக அடக்கும். புதியதுதான் ஜெயிக்கும் என்று நிறையப் பேர் எதிர்பார்த்தார்கள். அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 323 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய நடாமைசின்தான் ஜெயித்தது. ஃபியூசேரியம் இருந்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் தெளிவு. கருவிழி ஓட்டை விழுவதும் நடாமைசின் போட்டவர்களிடம் குறைவு. இந்த முடிவை உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் படித்தார்கள். நம் களத்துமேட்டு ஆட்களின் கண் சொன்ன பதில் அது.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றும் ஆய்வு 2006-இல் வந்தது. அது ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கவில்லை. மதுரை மாவட்டத்தில் ஏறத்தாழ 48,000 பேர் வாழும் கிராமங்களில், ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில் அடிபட்டவர் உடனே அவரிடம் வர வேண்டும். கருவிழியில் கீறல் இருந்தால் களிம்பு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள். ஒரு பிரிவினருக்குப் பாக்டீரியாவுக்கான குளோரம்பெனிகால் களிம்பு மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு பூஞ்சைக் களிம்பும். 374 பேரில் 368 பேருக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் ஆறிவிட்டது. மீதிப் பேரில் சிலருக்கு வந்ததும் சின்னத் தொல்லைதான். இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை, பூஞ்சைக் களிம்பு கூடுதலாக எதையும் செய்யவில்லை. சில ரூபாய்க் களிம்பு ஒரு நாள், இரண்டு நாளுக்குள் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் நடாமைசினுக்கே வேலை வராது.

என் மேஜை டிராயரில் ஆரஞ்சு நுனி உள்ள காகிதப் பட்டைகள் எப்போதும் இருக்கும். நுனியைச் சொட்டு நீரில் நனைத்துக் கீழ் இமைக்குள் தொட்டு, நீல வெளிச்சம் அடித்தால் கீறல் பச்சையாக மின்னும். கூட வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். பார்த்தவர்கள் களிம்பை ஒழுங்காகப் போடுகிறார்கள். (இது என் அனுபவம், யாரும் ஆய்வு செய்யவில்லை!)

இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் கண் கெட்டு வருகிறார்கள்?

ஆராய்ச்சி டாக்டரைப் போய்ச் சேர்ந்துவிட்டது. மெடிக்கல் கடைக்குப் போய்ச் சேரவில்லை.

கரும்பு வெட்டப் போன ஒருவர் ஆறு நாள் கழித்து வந்தார். "சொட்டு மருந்து போட்டேன் சார், செவப்பு உடனே போயிருச்சு. இப்பத்தான் மங்கலா தெரியுது." பாட்டிலை வாங்கிப் பார்த்தால் ஸ்டீராய்டு கலந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அடக்கும், அதனால் நல்ல மருந்து போலத் தோன்றும். பூஞ்சை மட்டும் உள்ளே சுகமாகப் பரவிக்கொண்டிருக்கும். பாக்டீரியாப் புண்ணிலாவது ஸ்டீராய்டு சேர்த்தால் பலன் உண்டா என்று 500 பேரிடம் சோதித்தார்கள், 2012-இல் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மொத்தத்தில் பார்வையில் வித்தியாசமில்லை. அதுவும் முதலில் 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் போட்டு, நிபுணர்கள் கண்காணித்துக் கொடுத்த மருந்து.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. இரவு ஒன்பதரைக்குத் திறந்திருப்பது அவர் கடைதான். ஃபீஸ் கேட்பதில்லை. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் அங்கே போவது இயல்பு. களிம்பு எது, கூடாத சொட்டு எது என்பது அந்தக் கடைக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் தெருக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்கிறார், பெரும்பாலும்.

காய்ச்சலுக்கு ரத்தம் சோதித்ததில் டைபாய்டு என்று வந்தது. அப்படியென்றால் டைபாய்டுதானே?

ரத்தத்தில் டைபாய்டுக்கான எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் வைடால் சோதனை என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய தொற்று, தடுப்பூசி, வேறு காய்ச்சல் எதுவும் அதைப் பாசிட்டிவ் ஆக்கலாம். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதுதான் நம்பகமானது, அதுவும் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால். அதற்குச் சில நாள் ஆகும், செலவும் கூட. வைடால் மலிவு, அன்றைக்கே முடிவு வரும். அதனால்தான் இத்தனை காலமாகக் குறை சொல்லியும் ஒழியவில்லை.

எங்கள் அய்யாவை டி.பி.க்காக ஆஸ்டின்பட்டியில் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். இப்போது மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்புகிறார்களே, அலட்சியமா?

அலட்சியமில்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் டி.பி.க்கு வைத்தியம் என்று இருந்த காலத்தின் மிச்சம் தோப்பூர், ஆஸ்டின்பட்டி மாதிரி இடங்கள். ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில். 1956-இல் சென்னையில் ஒரு சோதனை தொடங்கியது. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அப்படிப்பட்ட ஆஸ்பத்திரியில், அதாவது சானடோரியத்தில், வைத்தார்கள், மறுபாதியை வீட்டிலேயே விட்டார்கள். மருந்து இரண்டு பக்கமும் ஒன்றுதான். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடிசைகளில், குறைந்த சாப்பாட்டில், ஓய்வு அதிகமில்லாமல் இருந்தவர்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகம் தொற்றவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியதில், மிகவும் நலிந்துபோய் வருகிறவர்கள் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே இறப்பது தெரிந்தது. 2022-இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. புதிதாக டி.பி. கண்டறியப்பட்டவரின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா, இவ்வளவுதான் முதலில் பார்க்க வேண்டியது. எக்ஸ்ரே வேண்டாம், நர்ஸ் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இதில் தேறாதவரை மேற்கொண்டு பரிசோதித்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஆக, ஓர் ஆய்வு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது, அன்றாட வேலையில் கண்டது அவர்களில் சிலரைத் திரும்பக் கட்டிலுக்கு அழைத்தது. உங்கள் அய்யா இன்று வந்திருந்தால், எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

முதலில் ஒன்று சொல்கிறார்கள், அப்புறம் மாற்றிச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

மாற்றிச் சொல்வதே அது ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம். கொரோனா காலத்தில் நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மா கேட்டு மக்கள் இரவெல்லாம் அலைந்தது நினைவிருக்கும். 464 நோயாளிகளை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய ஆய்வில் பிளாஸ்மாவால் பலன் இல்லை என்று 2020-இலேயே வந்துவிட்டது. வழிகாட்டுதலிலிருந்து அதை எடுத்தது 2021 மே மாதம். இடைப்பட்ட மாதங்களில் அலைந்தவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நமக்கு நெருக்கமான இன்னொரு கதை, பிறந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ. அரவிந்த் ஆய்வாளர்கள் பங்கெடுத்து, தமிழ்நாட்டின் இரண்டு கிராமப்புற மாவட்டங்களில் 11,619 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2003-இல் வெளியானது. பிறந்ததும் இரண்டு வேளை சொட்டு மருந்தாகக் கொடுத்ததில் 6 மாதத்துக்குள் இறப்பு 22 சதவீதம் குறைந்தது. பெரிய செய்தி. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2011-இல் இதைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் இதைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. நம் ஊர் ஆய்வு தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. தாய்க்கே வைட்டமின் ஏ குறைவாக உள்ள இடத்தில் சொட்டுக்கு வேலை அதிகம் இருந்திருக்கலாம்.

ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள். நிலத்தை விற்கலாமா?

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறப்பது உயிர் காக்கும், அதில் யோசிக்க நேரமில்லை. ஆனால் நடந்தால் மட்டும் லேசாக நெஞ்சு பிடிக்கிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது, மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்பவர் கதை வேறு. 2007-இல் 2,287 பேரிடமும், 2020-இல் 5,179 பேரிடமும் நடந்த ஆய்வுகளில், நல்ல மாத்திரையோடு ஸ்டென்ட் போன்ற சிகிச்சையையும் சேர்த்ததால் இறப்பு குறையவில்லை. வலி குறைய உதவலாம். ஆகவே நிலத்தை விற்கும் முன் ஒரே கேள்வி: "சார், இது உயிருக்கா, வலிக்கா?" இப்படிக் கேட்டதற்குக் கோபப்படுகிற டாக்டரிடம் அவசரப்பட வேண்டாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆராய்ச்சி வைத்தியம் என்றாலே பெரிய மெஷின்தானே? எங்கள் ஊரில் எங்கே போவது?

பாம்புக்கடிக்கு வந்தவரிடம் 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, மேஜையில் 20 நிமிடம் ஆடாமல் வைக்கிறோம். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்கிறோம். ரத்தம் கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர் போல ஓடினால் கண்ணாடி விரியன் மாதிரிப் பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து உடனே போக வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது, ரெண்டும் ஏமாற்றிவிடும். கடிகாரம் ஒன்று போதும். அந்த 20 நிமிடம் உறவினர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். "சும்மா வச்சுப் பாத்துக்கிட்டே இருக்காரே" என்பார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான் என்றால் அதற்கும் சண்டை. கடிக்கிற பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே.

நீங்கள் ஆராய்ச்சிப்படிதான் எப்போதும் எழுதுகிறீர்களா?

இல்லை. சளிக்காய்ச்சலுக்கு ஊசி வேண்டாம் என்று தெரியும், மாலை எட்டரைக்கு ஓர் அப்பத்தா கையை நீட்டிக்கொண்டு, "ஊசி போடலேன்னா எனக்குத் தூக்கம் வராதுய்யா" என்று உட்காரும்போது சில நாள் தோற்றுப்போகிறேன். அன்றைக்கு வைட்டமின் ஊசி. ஆன்டிபயாடிக் விஷயத்தில் மட்டும் தோற்பதில்லை என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

நாங்களே படித்துத் தெரிந்துகொள்ள எங்கே பார்ப்பது?

இணையத்தில் இருக்கும் காக்ரேன் நூலகத்தில் பாருங்கள். ஒரு கேள்விக்கு நடந்த எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்டுச் சொல்வார்கள். அதை இந்தியாவில் இலவசமாகப் படிக்க 2007-இல் ஐசிஎம்ஆர் ஏற்பாடு செய்தது. சில சுருக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன. ஐசிஎம்ஆர் 2019 முதல் வெளியிடும் ஒரு பக்க சிகிச்சை வழிகாட்டிகளும் உண்டு. அவை டாக்டர்களுக்கானவை, ஆனாலும் படித்தால் புரியும். சந்தேகம் வந்தால் அச்செடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம். திங்கள்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு எங்கள் ஊரில் சந்தை, கூட்டம் வாசல் தாண்டி நிற்கும்.